டிராம் ஏறிய ஆதி மனிதன்

திரையில் ஆதி மனிதன் வந்து நின்றதும் கேமராக்காரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

அவன் நிற்க வேண்டியது குகை வாசலில். நின்றதோ நட்டநடு நகரத்தில், டிராம் நிறுத்தத்தில்.

இடுப்பில் புலித்தோல், தோளில் தடி. அவனுக்குப் பின்னால் அவன் வளர்க்கும் சடை யானை, வரிசையில் அடுத்த ஆள் மாதிரி சமர்த்தாக நின்றது.

அந்தச் சின்ன ஸ்டுடியோவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்ட்டூன் படங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஒன்று ஆதி மனிதன் கதை, இன்னொன்று ஆபீஸ் குமாஸ்தா கதை. கண்ணாடி போன்ற தாள்களில் வரைந்த ஆட்களைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, தாளை மாற்றி மாற்றி ஒவ்வொரு படமாக எடுப்பது அவள் வேலை. ஆதி மனிதனுக்குக் காடு, குமாஸ்தாவுக்கு நகரம். அவ்வளவுதான் கணக்கு.

முன் வரிசையில் விநியோகஸ்தர் உட்கார்ந்திருந்தார். போன தடவை இரண்டு படத்தையும் பாதி பார்த்துவிட்டு, உப்புச் சப்பில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர். இன்றும் அவர் கைவிரித்தால் ஸ்டுடியோவுக்குப் பூட்டுதான். அவள் வேலையோடு, அவளை இங்கே சேர்த்துவிட்ட சித்தப்பாவின் வேலையும் போய்விடும். சித்தப்பாதான் தலைமை ஓவியர். அந்த ஆதி மனிதனைப் பெற்றெடுத்ததே அவர்தான்.

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"நிறுத்துய்யா! பின்னணிய மாத்தி வெச்சு எடுத்துத் தொலைச்சிருக்கா!"

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

விநியோகஸ்தர் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் உயர்த்தினார். படம் ஓடட்டும் என்று அர்த்தம்.

டிராம் வந்தது. காட்டில் கொடியைப் பிடிக்கத் தாவ வேண்டியவன், அதே தாவலைத் தாவி டிராம் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். ஆபீசுக்கு நேரமாகிவிட்டவனின் பதற்றம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

விநியோகஸ்தரின் தோள் லேசாகக் குலுங்கியது.

அழுகிறாரோ என்று அவள் பயந்தே போனாள்.

சிரித்தார்! முதலில் மூக்கால், பிறகு வாயால், கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. புரையேறி யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். "இன்னொரு தடவை போடுங்கய்யா!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதும் அந்த அறையே கெக்கலித்துச் சிரித்தது.

அதன் பிறகு யார் பேச்சை யார் கேட்டார்கள்! வண்ணம் பூசும் பெண்கள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்கள். யானை தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்ச, அவன் குளிக்கட்டும் என்றாள் ஒருத்தி. ஆபீஸ் லிஃப்டுக்குப் பதில் நெட்டைக்கழுத்து டைனோசர் என்றாள் இன்னொருத்தி. விநியோகஸ்தர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, இதே மாதிரி ஒரு டஜன் படம் வேண்டும் என்றார். முதலாளிக்கு வாய் காது வரை போய்விட்டது.

அவர் பார்வை கேமராக்காரி மேல் விழுந்தது.

"பின்னணி மாறிப்போச்சு சார். மன்னிச்சுக்கங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"மன்னிப்பா? நல்ல வேளை, மாத்தி வெச்சே!" என்று அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

எல்லோரும் விநியோகஸ்தரை மொய்த்துக்கொண்டு வெளியே போனார்கள். சித்தப்பா மட்டும் போகவில்லை. படச்சுருளை விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார்.

டிராம் நகர்கிறது. ஆதி மனிதனும் ஆடுகிறான். ஆனால் ஒரு படத்தில்கூட அவன் கை கம்பியை விட்டு விலகவில்லை. கொடியைப் பிடிக்க வரைந்த கை அது. பின்னணியை ஒவ்வொரு படத்துக்கும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கைக்கு நேராகக் கம்பியைக் கொண்டுவந்து வைத்தால் ஒழிய அப்படி அமையாது.

அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது தவறிப்போய் நடந்ததா?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இவனை டிராம்ல ஏத்திப் பாக்கலாமான்னு முதல்ல உங்ககிட்டதான் கேட்டேன், சித்தப்பா. போய் உன் வேலையப் பாருன்னீங்க."