ஆர்வில் கட்டாத வரி

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர்த் தேவாலயத்தில், கணக்காளர் லோயலின் பக்கத்தில் நின்ற விவசாயி மெர்லுக்கு வயிறு எரிந்தது.

“சர்ச்சுக்கு யாராச்சும் டிராக்டர்ல வருவாங்களா? இந்த ஆர்வில் வந்திருக்கான் பாரு, அதுவும் புது டிராக்டர்ல!”

“உனக்கு ஏன்ப்பா பொறாமை? தேய்மானம் கழிச்ச டிராக்டரை வித்தாத்தான் லாபத்துக்கு வரி, பழசைக் கொடுத்துப் புதுசா மாத்திக்கிட்டா வரி தள்ளிப்போகும்னு உனக்கும்தானே சொன்னேன்? அவன் கேட்டான், வருஷா வருஷம் மாத்தினான். நீ கேக்கல.”

“தள்ளித்தானே போகும்? என்னிக்காவது மொத்தமா கட்டித்தானே ஆகணும்!”

இருபது வருடமாக மெர்லுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது.

“அதெல்லாம் போன வாரம் வரைக்கும். இப்ப அந்த டிராக்டரை வித்தாக்கூட, பழைய லாபத்துக்கு ஒரு சென்ட் வரி கிடையாது. அத்தனையும் ரத்து.”

மெர்லுக்கு முகம் கறுத்தது.

“அடப்பாவி! அப்படி என்னதான் பண்ணினான்? சொல்லு, நானும் பண்றேன்.”

“அவசரப்படாதே” என்ற லோயல், டிராக்டரில் வந்திறங்கிய, பூக்களால் மூடியிருந்த சவப்பெட்டியைக் கண்ணால் காட்டினார். “அதுக்குள்ள படுக்கணும். ஆள் செத்தா, தள்ளிப்போட்ட வரியும் அதோட போச்சு; சட்டமே அப்படித்தான்.”

பெட்டியைத் தூக்க வரும்படி பாதிரியார் அழைத்தார். மெர்ல் பல்லைக் கடித்தபடி கைப்பிடியைப் பற்றினார்.

“இதுலயும் என்னை முந்திக்கிட்டானே!”