ஆறு மணிப் புகை

“மனுஷங்க குடியிருக்கற இடமா இது, சுடுகாடா?”

நாலாவது மாடி ஏறியதுமே காய்மிங் கத்தினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கையிலிருந்த ஜின்செங் சத்து வேர்ப் பெட்டியை மட்டும் நசுங்காமல் பிடித்திருந்தான். அப்பாவுக்கு வாங்கியது. வாங்கிய கையோடு படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டு, பதினேழு பேரிடம் ‘தங்கமான பிள்ளை’ பட்டமும் வாங்கியாயிற்று.

திறந்திருந்த கதவு வழியாகத்தான் புகை வந்தது. அப்பா வீட்டுக்கு நேர் கீழ் வீடு.

“கீழே ஒரு மிளகாய்ப் பேய் இருக்குடா. தினம் ஆறு மணிக்குப் புகை போட்டே என்னைக் கொல்றா” என்று சீனப் புத்தாண்டு வசந்த விழாவுக்கு அவன் வந்தபோது அப்பா புலம்பியிருந்தார். அதற்கப்புறம் இன்றுதான் வருகிறான். சோங்சிங் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ரயிலில் நாற்பது நிமிஷம். பிள்ளைக்கு எட்டு மாதம் பிடித்திருக்கிறது.

உள்ளே, அந்த வீட்டுக்காரி பாங் அம்மாள் ஜன்னலை விரியத் திறந்து வைத்து வாணலிமுன் நின்றிருந்தாள். சுண்டுவிரல் நீளக் காய்ந்த மிளகாய்கள் கருகிக்கொண்டிருந்தன. கோழி இல்லை, டோஃபு இல்லை. மிளகாய் நெடிக்கு முகம் சுளித்தால் அவன் இந்த ஊர்க்காரனே இல்லைதான். ஆனால் வெறும் மிளகாயைக் கருக்குவது சமையலா, சூனியமா?

“ஏம்மா, மேலே எண்பது வயசு மனுஷன் இருக்காருன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். கொஞ்சம் சும்மா இருங்க.”

கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து. இன்னொரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டாள்.

“திமிரா? அவர் என் அப்பா! அவருக்கு ஏதாவது ஆச்சு, நேரா போலீஸுக்குத்தான் போவேன்!”

“உஷ்!”

கூரையைப் பார்த்தபடி மூன்றாவது பிடியையும் போட்டாள்.

மேலே இருமல் கேட்டது. நீளமான இருமல். பிறகு ஒரு கர்ஜனை.

“அடியே பாங்! உன் வாணலி ஓட்டையாப் போக!”

அவள் அடுப்பை அணைத்தாள். மூச்சு விட்டாள்.

“இருக்காரு.”

கருகிய மிளகாய் மொத்தத்தையும் குப்பையில் கொட்டினாள். மேஜையில் அவளுடைய சாப்பாடு, வெறும் கஞ்சி.

“எனக்குக் குடல் புண் தம்பி. மிளகாயை வாயில வெச்சே நாலு வருஷமாச்சு.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?”

“போன வருஷம் குளியலறையில விழுந்து ரெண்டு நாள் கிடந்தாரு. கதவைத் தட்டினா பதில் சொல்லமாட்டாரு, நான் போன் பண்ணா எடுக்கமாட்டாரு. அவ்வளவு ரோஷம். இருமலை மட்டும் அடக்க முடியாதே! அன்னைக்கு உங்களுக்குப் பதினோரு தடவை போன் அடிச்சேன். அப்புறம் லைனே போகலை.”

காய்மிங்குக்கு ஞாபகம் வந்தது. கடன் விளம்பரத் தொல்லை என்று அவன் பிளாக் செய்த நம்பர். ஜின்செங் பெட்டி திடீரென்று கனத்தது.

பாங் அம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

“நாளையிலேருந்து ஆறு மணிக்கு நீங்க போன் பண்றதா இருந்தா சொல்லுங்க, தங்கமான பிள்ளை. நான் மிளகாய் வாங்கறதை நிறுத்திடறேன்.”