நார்வே ஸ்டைல் கல்யாணம்

டிவியில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதினார். காற்றுகூட வெளியே வரவில்லை.

பாலவனத்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், சங்கரின் கல்யாண வீடியோவைப் பார்க்க முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரின் அம்மா கோகிலாம்பாள் வீடியோக்காரன் மாதவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அவன் காமிராவுக்கு இனி ஒரு காதுகுத்துகூடக் கிடைக்காது.

"இது நார்வே ஸ்டைல்ம்மா. இப்படித்தான் இருக்கும்" என்றான் மாதவன்.

போன வாரம்வரை நார்வே கிழக்கா மேற்கா என்று அவனுக்குத் தெரியாது. சத்தம் பதிவாகாத கல்யாணத்தை என்ன செய்வதென்று செல்போனில் தேடியபோது அகப்பட்டவர்தான் ஒரு நார்வே டைரக்டர். நூறு வருடத்துக்கு முந்தைய ஆள். பிடில் வாசித்து, நாடகத்தில் நடித்து, அப்புறம் கிராமத்து ஜனங்களை வைத்து ஊமைப்படம் எடுத்தவர். படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தானே பிடிலும் வாசித்தாராம்.

மாதவன் அவர் சரித்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அந்த மனிதரிடம் மைக்கே கிடையாது. இவனிடம் மைக் இருந்தது, சார்ஜ்தான் இல்லை. அந்த முழுப் பூசணிக்காயை மட்டும் சோற்றில் மறைத்துவிட்டான்.

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. வெளிநாடு என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

காட்சிக்குக் காட்சி, பேச்சுக்குப் பதிலாக மாதவன் எழுதிய அட்டை வந்தது. பந்தியில் ரசத்துக்காகச் சம்பந்திகள் மல்லுக்கு நின்ற இடத்தில், 'இரு வீட்டாரும் அன்புடன் அளவளாவினர்.'

தாலி கட்டும் நேரம். தலைகுனிந்திருந்த மணப்பெண்ணுக்குப் பின்னால் கோகிலாம்பாளின் முகம், குளோசப்பில். அட்சதையைத் தூவிக்கொண்டே தங்கையிடம் சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னாள்.

அட்டை: 'எங்கள் வீட்டு மகாலட்சுமி வந்துவிட்டாள்!'

கூடம் கைதட்டியது. கோகிலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன மகன் கல்யாணமும் நார்வேதான் என்று அறிவித்தாள். மாதவனுக்குப் போன உயிர் வந்தது.

புது மருமகள் ஜோதிகா ரிமோட்டை எடுத்து, மாமியாரின் குளோசப்புக்குப் போனாள். மறுபடியும் போனாள். மூன்றாம் முறை அங்கேயே நிறுத்தினாள்.

அத்தனை பேரில் சத்தம் இல்லாதது ஒரு குறையாகப் படாதவள் அவள் ஒருத்திதான். பிறவியிலேயே காது கேட்காது. பத்து வருடம் மதுரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களின் உதட்டசைவைப் பார்த்தே பாடம் படித்தவள்.

செல்போனில் எதையோ டைப் செய்து மாதவனிடம் நீட்டினாள்.

"பாராட்டி எழுதியிருப்பா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி தம்பி!" என்றாள் கோகிலாம்பாள் பெருமையோடு.

மாதவன் செல்போனைப் பார்த்தான்.

'அண்ணே, அந்த அட்டை தப்பு. அத்தை சொன்னது இதுதான், மாத்திப் போடுங்க: காது கேக்காததும் ஒரு வசதிதான்டி. நாம என்ன பேசுனாலும் அதுக்குத் தெரியாது. வீட்டு வேலைக்கு ஆளு வந்தாச்சு.'