ஆட்காட்டி விரல்

பூங்கோதைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து ஏழு வருடம். கால்கள் ஓயாமல் எரியும். வலது கைவிரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காந்தத்தால் மூளையைத் தூண்டினால் எரிச்சல் குறையலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சிகிச்சையின் முதல் நாள், டெக்னீஷியன் காந்தச் சுருளை அவள் தலைமேல் மெல்ல நகர்த்தினார்.

"விரல் துள்ளுற இடம்தான் சரியான இடம்மா. தினமும் அதைப் பாத்துட்டுதான் ஆரம்பிப்போம்."

டக். டக். அடுத்த டக்கில் அவளுடைய வலது ஆட்காட்டி விரல் தானாகச் சுண்டியது. பக்கத்தில் நின்ற தம்பி செழியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பள்ளி விடுமுறை முழுக்கக் கேரம் பலகையில் அவனை அழவைத்த விரல் அது.

வெளியே வந்ததும், "எரிச்சல் எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"அப்படியேதான் இருக்கு. நாளைக்கும் துள்ளுமில்ல?"

மறுநாள் செழியன், காந்தத்துக்கு ஆகாத சாவி, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் அறை வாசலில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் உள்ளே கொண்டுபோனான். ஓரம் உடைந்து மஞ்சளேறிய பழைய கேரம் ஸ்ட்ரைக்கர், பிளாஸ்டிக். அதை நாற்காலியின் அகலமான கைப்பிடியில், அவள் விரல் நுனிக்கு முன்னால் வைத்தான். எதிரே மண்டியிட்டு, உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தான்.

"கையை ஆட்டாதடா" என்றாள் அவள்.

டெக்னீஷியன் சுருளை எடுத்தார். பூங்கோதை ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தாள்.