வாலைப் பிடித்த சர்வோ

ரிமோட் ஹெலிகாப்டரின் வாலைத் திருப்பப் புதிதாக மாட்டிய குட்டி மோட்டாருக்குச் சர்வோ என்று பெயர். புது வேலை கிடைத்த பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, தைரியமா ஏறுங்க! வாலை நான் பார்த்துக்கிறேன்!" என்றது, மேலே இருந்த பெரிய விசிறியிடம்.

மாட்டியவர் அதை இடவலம் மாற்றி மாட்டியிருந்தார். அது சர்வோவுக்குத் தெரியாது.

ஹெலிகாப்டர் எழும்பியதும் வால் லேசாக இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் தள்ளுவதாக நினைத்து, சர்வோ இடப்பக்கமே தள்ளியது. வால் இன்னும் ஒதுங்கியது. சர்வோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளியது. ஹெலிகாப்டர் பம்பரமாய்ச் சுழன்றது.

"டேய், விடுடா!" என்று அலறியது விசிறி.

"உயிரே போனாலும் விடமாட்டேன் அண்ணே!"

இரண்டும் புல்லில் குப்புற விழுந்தன. விசிறியின் ஓர் இறக்கை ஒடிந்தது.

சர்வோ பெருமூச்சு விட்டது: "நல்லவேளை, நான் இருந்தேன்!"