கொலைமீனின் குரல்

கடலடியில் உயிர் பிழைக்கும் வீடியோ கேம் அது. அதில் வரும் கொலைமீனுக்கு எந்தக் குரலைப் போட்டாலும் நாய்க்குட்டி குரைப்பதுபோலவே இருந்தது. கடைசியில் ஒலியமைப்பாளன் இளம்பரிதிக்குத் தன் போன் ஞாபகம் வந்தது. குழந்தை போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி பூங்கோதை அலறிய அழைப்பு அதில் தானாகப் பதிவாகிக் கிடந்தது. அந்த அலறலை இழுத்து, கனமாக்கினான். ஆபீசே மிரண்டுபோய்க் கைதட்டியது.

கேம் வெளியான அன்று அவளே விளையாட உட்கார்ந்தாள். இருட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து அது கத்தியது.

"திரும்பிடு, முழுங்கிடும்," என்றான்.

அவள் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இது பசியில கத்தலைங்க. எதையோ பறிகொடுத்துட்டுக் கத்துது."

மீன் வாயைப் பிளந்து வந்து அவளை விழுங்கியது. மறுபடியும் ஆடுகிறாயா என்று திரை கேட்டது.

"பாவம், தனியாக் கிடக்குது," என்று பொத்தானை அமுக்கினாள்.