வாளியில் ஒரு திலேப்பியா

காலை வெயில் குளத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மீனவனும் அவன் மனைவியும் கரையில் உட்கார்ந்து வலையை உதறுகிறார்கள். வலையோடு வந்த பாசியில் கெண்டை முட்டைகள் ரவை ரவையாய் ஒட்டியிருக்கின்றன, ஆயிரக்கணக்கில். "போட்டதோட சரி, திரும்பிக்கூடப் பார்க்காது" என்றபடி அவள் அந்தப் பாசியை நோகாமல் தண்ணீரில் விடுகிறாள். அதே வலையில் சிக்கிய திலேப்பியா இப்போது பிளாஸ்டிக் வாளிக்குள் இருக்கிறது. மிரட்சியில் அது வாயைத் திறக்க, உள்ளேயிருந்து குஞ்சுகள் புகைபோல் கலைந்து வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு கண்ணும் ஒரு துடிப்பும்தான். தாயின் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. "பத்து நாளா வாயில வச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்குது பாரு. உன்னால பத்து நிமிஷம் வாய மூட முடியுமா?" என்கிறான் அவன். "இதோட ஆம்பள எங்க?" என்கிறாள். "முட்டை போடப் பள்ளம் தோண்டிக் குடுத்துட்டு அடுத்ததத் தேடிப் போயிருக்கும்." அவள் அவனை ஒரு பார்வை பார்க்கிறாள். அவன் அவசரமாக வாளிக்குள் குனிந்துகொள்கிறான்.

தண்ணீர் அடங்குகிறது. தாய் தலையைத் தாழ்த்தி மறுபடி வாயைத் திறக்க, குஞ்சுகள் முண்டியடித்து உள்ளே நுழைகின்றன. இன்றைக்கு வலையில் வந்த பெரிய மீன் இது ஒன்றுதான். ஆனாலும் அவன் வாளியைத் தூக்கிக் குளத்தில் சாய்க்கப் போகிறான். அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.

"இருங்க. இன்னும் ரெண்டு வெளியவே நிக்குது."